"ஃபெண்டர்காரனே மேலேதான் ஒட்டினான்" என்று கிளம்பியிருப்பவர்களுக்கு

தச்சுப்பட்டறை:
பக்கத்து இழையில் புதுநரம்பு தம்பி கேட்டது இவ்வளவுதான். கிட் கிட்டார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வது) வாங்கியிருக்கிறார், பாலிஷ் எதுவும் போடாத பச்சை மேப்பிள் மரக் கழுத்து, அதாவது நெக். அதன் தலையில் மகள் பெயரை லோகோவாகப் போட வேண்டும். அதற்கு நம்ம டெலிராஜா சொன்ன பதில்: "லாக்கர் பூச்சு முழுவதும் அடித்து முடித்துவிட்டு வாட்டர்ஸ்லைடு டீகாலை மேலே ஒட்டுங்கள். ஃபெண்டர்காரனே மேலேதான் ஒட்டினான்." படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டீகால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம், வெங்காயச் சருகு மாதிரி. அதை மேலே திறந்து விட்டால், கம்பி மாற்றும்போதும் துணியால் துடைக்கும்போதும் உரசி உரசி ஓரம் கிளம்பிவிடும். டீகால் கிளியருக்கு, அதாவது கடைசியாக அடிக்கிற நிறமற்ற பூச்சுக்கு, கீழேதான் இருக்க வேண்டும். கீழே.

டெலிராஜா:
வணக்கம் அண்ணே. எனக்கென்று தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம். ஃபெண்டர் கம்பெனியின் 50-களின் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் படங்களைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். டீகால் லாக்கருக்கு மேலேதான் இருக்கும். 60-களின் கடைசியில்தான் கீழே கொண்டுபோனார்கள். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டருக்குத் தெரியாதது உங்கள் பட்டறைக்குத் தெரிந்துவிட்டதா?

தச்சுப்பட்டறை:
அந்தப் பழைய கிட்டார்களில் லோகோ எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றும் பெரிதாக்கிப் பாருங்கள். சிலதில் "ஃபெ" இருக்கும், "ண்டர்" இருக்காது. அப்புறம் ஏன் கீழே கொண்டுபோனார்கள் என்று யோசித்தீர்களா? பொழுது போகாமலா?

மேளகர்த்தா72:
ஒரு சந்தேகம். லாக்கர் என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? மரத்தில் முதலில் அடிக்கிற சாண்டிங் சீலரும் அதில் சேர்த்தியா, கடைசி கிளியர் மட்டுமா? சீலருக்கு மேல், கிளியருக்குக் கீழ் என்றால் இருவர் சொல்வதிலும் பாதி சரிதானே?

டெலிராஜா:
மேலே என்றால் மேலே சார். இதில் என்ன பாதி?

தச்சுப்பட்டறை:
கீழே.

தச்சுப்பட்டறை:
புதுநரம்பு தம்பி, இவர்களை விடுங்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். மரத்தை 320 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்துத் தூசி துடைத்து, சீலர் மூன்று கோட்டு. காய்ந்ததும் 400-இல் லேசாகத் தேய்த்தால் கண்ணாடி போல மட்டமாகும். பச்சை மரத்தில் நேராக ஒட்டினால் ரேகைப் பள்ளத்தில் காற்று மாட்டி, டீகாலுக்கு அடியில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். பிறகு என்ன செய்தாலும் போகாது. இங்க்ஜெட்டில் அச்சடித்திருந்தால், தண்ணீரில் போடுவதற்கு முன் டீகால் மேல் கிளியர் ஸ்ப்ரே அடித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் மை கரைந்து ஓடும். அரை நிமிடம் தண்ணீரில் போட்டு, தாளிலிருந்து தானாக நழுவும்போது எடுத்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றி எடுங்கள். ஒரு நாள் விட்டு, கிளியர் பத்துக் கோட்டாவது. முதல் மூன்றும் பனி படிந்த மாதிரி இருந்தால் போதும். பொறுமையாக வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்தால், விரலால் தடவினாலும் டீகால் ஓரம் தட்டுப்படாது. மேலே ஒட்டுகிறவருக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம், அதுதான் விஷயம்.

டெலிராஜா:
பனி படிந்த மாதிரி என்று ஏன் சொல்கிறார் தெரியுமா? கொஞ்சம் ஈரமாக அடித்தாலும் லாக்கரில் இருக்கிற தின்னர் டீகாலைச் சுருக்கிவிடும். கீழே ஒட்டினால் அந்த ஆபத்து எப்போதும் உண்டு. மேலே ஒட்டினால் இல்லை. அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

தச்சுப்பட்டறை:
கை நடுங்குகிறவர்களுக்கு எல்லாமே ஆபத்துதான்.

புதுநரம்பு:
நன்றி அண்ணே. பெயர் "யாழினி". அச்செடுத்துப் பார்த்தேன், "ழி"யின் சுழி மட்டும் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகத் தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கவா? பொன் நிறத்தில் போட ஆசை, பிரிண்டரில் வரவில்லை. இங்கே ஒரு வாரமாக மழை வேறு. லாக்கர் அடிக்கலாமா?

கோவைபாஸ்:
மேலோ கீழோ, டெலிராஜா தன் கிட்டாரில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறார் என்று யாராவது கேட்டீர்களா? கிட்டில் செய்த கிட்டாரில் "ஃபெண்டர்". இந்தத் தம்பி மகள் பெயரைப் போடுகிறார், அது மரியாதை. அவர் செய்வதற்கு வேறு பெயர்.

டெலிராஜா:
என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. விற்கவா போகிறேன்?

கோவைபாஸ்:
போன தீபாவளிக்கு விற்பனைப் பகுதியில் போட்டது பக்கத்து வீட்டுக்காரர் கிட்டாரோ?

டெலிராஜா:
அதில் "கிட்" என்று தெளிவாக எழுதியிருந்தேன். கடைசி வரி வரைக்கும் படிக்கும் பழக்கம் இருந்தால் தெரிந்திருக்கும். லோகோவைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். 1951-இல் "பிராட்காஸ்டர்" என்ற ஃபெண்டர் கிட்டாரின் பெயருக்கு கிரெட்ச் கம்பெனி ஆட்சேபம் சொன்னதும், ஃபெண்டரில் என்ன செய்தார்கள்? கையில் இருந்த டீகாலில் அந்தப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தை ஒட்டி அனுப்பினார்கள். பெயரில்லாத அந்தக் கிட்டாரைத்தான் இன்று நோகாஸ்டர் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

தச்சுப்பட்டறை:
கத்தரித்தது சரி. அதற்கும் மேலே கீழேக்கும் என்ன சம்பந்தம்? நான் 14 நெக் முடித்திருக்கிறேன். பதினான்கிலும் கீழே. ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

டெலிராஜா:
பதினான்கில் ஒன்று என்னிடம் வந்தது, நினைவிருக்கிறதா அண்ணே? லோகோ கிளம்பவில்லைதான். நெக் கிளம்பியிருந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட் மெட்டில் கம்பிக்கு அடியில் பென்சிலை நுழைக்கலாம்.

தச்சுப்பட்டறை:
நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகத் தெரியாதவரிடம் நெக்கைக் கொடுத்தது என் தப்பு. கால் சுற்று திருகியிருந்தால் நேராகியிருக்கும். அதற்கும் லோகோவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

மேளகர்த்தா72:
மழையில் அடிக்க வேண்டாம் தம்பி. காற்றில் ஈரம் இருந்தால் நைட்ரோ லாக்கர் பால் ஊற்றியது போல வெளுக்கும்.

தச்சுப்பட்டறை:
வெளுத்தால் என்ன? பூச்சை மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேர்த்தால் போகும். கார்த்திகை மழையிலேயே அடித்தவன் நான். புத்தகம் பார்த்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

மேளகர்த்தா72:
புத்தகம் இல்லை சார், என் சொந்த பேஸ் கிட்டார். லாக்கர் என்றால் எது என்ற என் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

கோவைபாஸ்:
டீகாலே வேண்டாம். சூட்டுக்கோலால் மரத்திலேயே எழுதிவிடுங்கள். மேலும் இல்லை, கீழும் இல்லை.

தச்சுப்பட்டறை:
பேஸ் வாசிப்பவர் யோசனை. மேப்பிளில் சூட்டுக்கோல் கொஞ்சம் தயங்கினாலும் கறை பரவும். "ழி" எழுதிப் பாருங்கள், தெரியும்.

கோவைபாஸ்:
பேஸ் வாசித்தால் என்ன சார் குறை? அதைச் சொல்லுங்கள் முதலில்.

புதுநரம்பு:
அண்ணே, அந்தப் பொன் நிறம்?

டெலிராஜா:
தம்பி, எந்த நிறமானாலும் மேலே ஒட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். கீழே போனது போனதுதான்.

தச்சுப்பட்டறை:
உரிந்துவிடும் என்று இப்போது அவரே சொல்லிவிட்டார், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என் பதினைந்தாவது நெக்கைப் படம் எடுத்துப் போடுகிறேன். பூதக்கண்ணாடி வைத்து ஓரத்தைத் தேடட்டும்.

டெலிராஜா:
பக்கவாட்டிலும் ஒரு படம் எடுங்கள் அண்ணே. நெக் எவ்வளவு நேராக இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம்.