டிஃபையன்ட் அடிவயிற்றுக்கு என்ன நிறம்?

வணக்கம் நண்பர்களே. 1/72 அளவில் போல்டன் பால் டிஃபையன்ட் என்ற இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் ஸ்குவாட்ரன், 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற அடைமொழி கொண்ட படை, அந்த ஆசையில்தான் இறங்கினேன். மேலே டார்க் எர்த் (மண் பழுப்பு), டார்க் கிரீன் அடித்தாயிற்று. அடிப்பக்கம்தான் குழப்பம். 1940 மே கடைசி, பிரான்சின் டன்கிர்க்கிலிருந்து நேசப்படைகளைக் கப்பலில் மீட்ட சமயம். இடது இறக்கை கருப்பு, வலது வெள்ளை. ஜூனில்தான் 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை நிறத்துக்கு மாறச் சொன்னார்கள். சரி, உடலின் அடியில் இரண்டும் நடுக்கோட்டில் சந்தித்தனவா, இறக்கையோடு நின்றனவா? படம் இருந்தால் போடுங்களேன்.

இன்னொரு சோகம். நாலு பிரவுனிங் துப்பாக்கி வைத்த சுழல்கூண்டின் கண்ணாடியில் சூப்பர் க்ளூ ஆவி பட்டு உள்பக்கம் வெளுத்துவிட்டது. முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூட இல்லாத விமானம், அந்தக் கூண்டுதானே அதற்கு அழகே! பாலிஷ் போட விரல் நுழையவில்லை. ஏதாவது வழி உண்டா?