நாஸ் பெட்டியின் மாதாந்திரச் சோதனை: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

குன்னூர் உறுப்பினர்:
என் நாஸ் பெட்டியில் (வீட்டு வலையமைப்பில் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) ரெய்டு 1 முறையில், அதாவது ஒரே தரவு இரண்டிலும் எழுதப்படும்படி, இணைத்திருந்த இரண்டு வன்தட்டுகளில் ஒன்று, சென்ற ஐப்பசி மழையின்போது பழுதானது. புதியதைப் பொருத்தியதும், நலமாக இருப்பதாக நான் நம்பியிருந்த மற்றொன்றிலிருந்து தரவு நகலாகத் தொடங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்தபோது 71 விழுக்காடு. ஐந்து மணிக்கும் அதே 71. வன்தட்டு தன் நலத்தைத் தானே கணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கையில், 197 என்ற எண்ணுள்ள வரியில், படிக்க இயலாமல் நிற்கும் செக்டார்கள் (தட்டின் சிறு சேமிப்புப் பகுதிகள்) 48 என்றிருந்தது. அவ்விடத்தில் இருந்தவை, தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய என் தந்தையாரின் நிழற்படங்கள். ஆண்டுக்கணக்கில் எவரும் திறக்காத கோப்புகள் என்பதால் பழுது வெளிப்படவே இல்லை. மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (தட்டுகளில் உள்ளதைப் படித்துப் பார்த்துப் பழுதைத் திருத்தும் சோதனை) ஓடியிருந்தால், முதல் தட்டு நலமாக இருந்த காலத்திலேயே அதிலிருந்து எடுத்து அந்த இடங்கள் திருத்தி எழுதப்பட்டிருக்கும். எங்கள் ஊரின் ஈரமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

கோத்தகிரி உறுப்பினர்:
ஈரத்தைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி அறையைவிடச் சூடாகவே இருப்பதால் அதனுள் நீர் படிவதில்லை. குளிரில் கிடந்த தட்டை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்த உடனே இயக்குவதுதான் ஆபத்து. எங்கள் வீட்டில் கெடுதல் செய்தது மின்தடை. மரம் சாய்ந்து கம்பி அறுந்த மாலையில் யுபிஎஸ் (மின்சாரம் நின்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கருவி) ஒருமுறை ஒலித்தது. இரண்டாவது ஒலிக்கு முன்பே எல்லாம் அணைந்துவிட்டது. அதுவரை அதன் திரை பேட்டரி முழுமை என்றே காட்டி வந்தது. ஈய அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வலுவிழக்கும். எங்களுடையது ஆறாம் ஆண்டில் இருந்தது.

கொடைக்கானல் உறுப்பினர்:
இருவர் சொல்வதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஆனால் யுபிஎஸ் நலமாக இருந்திருந்தாலும் குன்னூர் நண்பரின் 48 செக்டார்கள் திரும்பியிரா. என் அனுபவம் சிறியது. மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றிய பின் நாஸின் எச்சரிக்கை அஞ்சல்கள் நின்றுபோயின. எட்டு மாத மௌனத்தை நான் நலம் என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே மாதந்தோறும் ஒரு சோதனை அஞ்சல் அனுப்பிப் பாருங்கள். தட்டு தன்னைத் தானே முழுதாகச் சோதிக்கும் ஸ்மார்ட் நீள் சோதனையையும் ஸ்க்ரப்பையும் ஒரே இரவில் வைக்காதீர்கள். இரண்டும் தட்டை நெடுநேரம் படிப்பவை என்பதால் ஒன்று மற்றதைத் தாமதப்படுத்தும். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பியை நாஸில் இணைத்து, மின்சாரம் நின்றால் அது தானே முறையாக அணையும்படி அமையுங்கள். ரெய்டு பேக்கப் (தனியாக வைக்கும் காப்பு நகல்) ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு தட்டுகளிலும் அந்த நொடியே அழிகிறது. வேறோர் ஊரில் ஒரு நகல் வையுங்கள், அதிலிருந்து ஒரு கோப்பையாவது அவ்வப்போது மீட்டுத் திறந்து பாருங்கள்.

குன்னூர் உறுப்பினர்:
நகல் எதுவும் இருக்கவில்லை. பழுதான தட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைக் கொண்டு பெரும்பாலானவற்றை மீட்டுவிட்டேன். குன்னூர் அருகிலுள்ள லாம்ஸ் பாறையில் எடுத்த ஒரு படத்தில் மட்டும், தந்தையாரின் முகம் தெளிவாக இருக்கிறது. தோளுக்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம்.