கிளைகோஜன், ஹயலூரோனிக் அமிலம் அளந்தவர்கள் இருக்கிறீர்களா?

சர்க்கரைக்காரி:
கொஞ்ச நாளாகக் கல்லீரல் கிளைகோஜனோடு (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரைச் சங்கிலி) மல்லுக்கட்டுகிறேன். நுண்துளை மணிகள் அடைத்த குழாயில் ஓட்டி, எடை தெரிந்த புல்லுலான் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியை ஸ்டாண்டர்டாக வைத்து ஒப்பிட்டால் ஒரு மூலக்கூறு எடை வருகிறது. குழாய்க்குப் பின்னால் பல கோண லேசர் டிடெக்டரை வைத்தால் அதைவிடப் பல மடங்கு அதிகமாகக் காட்டுகிறது. நான் லேசர் பக்கம்தான். குழாய்க்கு எடை தெரியாது. கரைசலில் யார் எவ்வளவு இடம் அடைக்கிறார்கள் என்பதுதான் தெரியும். புல்லுலான் கிளையில்லாத, தொளதொளவென்ற சங்கிலி. கிளைகோஜனோ கிளைக்கு மேல் கிளை விட்டு இறுகிப்போன உருண்டை. அதே இடத்துக்குள் எக்கச்சக்க எடையைத் திணித்து வைத்திருக்கும்.

இன்னொன்று, செல்லிலிருந்து எடுக்கும் விதம். சிறிய துகள்கள் 20-30 நானோமீட்டர். கல்லீரலில் அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்து 200 நானோமீட்டரையும் தாண்டும். சூடான காரம், அமிலம் என்று இறங்கினால் கொத்து சிதைந்துவிடும். குளிர்ந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) அரைத்து, சுக்ரோஸ் கரைசலின் மேல் விட்டு அதிவேக மையவிலக்கியில் இறக்கினால்தான் முழுசாகக் கிடைக்கிறது. உங்கள் அனுபவம் எப்படி?

லேசர்மாமா:
லேசரை நம்புங்கள், ஆனால் தூசியை மறக்காதீர்கள். விட்டம் பத்து மடங்கானால் சிதறும் ஒளி ஏறக்குறைய பத்து லட்சம் மடங்காகும். ஒரே ஒரு தூசி போதும், அன்றைய வேலை காலி. சரி, 0.2 மைக்ரான் பில்டரில் வடிகட்டலாம் என்றால், நாம் தேடும் பெரிய மூலக்கூறே அதில் சிக்கிக்கொள்ளும், இல்லையென்றால் கிழிந்துபோகும். நான் பஃபரை மட்டும் நன்றாக வடிகட்டிவிட்டு, மாதிரியை மெதுவாக மையவிலக்கியில் சுற்றுவேன்.

வடிவத்துக்கு எனக்குப் பிடித்த வழி இரண்டு ஆரங்களின் விகிதம். ஒளி சிதறும் கோணத்திலிருந்து சுழற்சி ஆரம் (எடை மையத்திலிருந்து எவ்வளவு பரவியிருக்கிறது என்பது) வரும், நீரில் அலையும் வேகத்திலிருந்து நீரியக்க ஆரம் (அதே வேகத்தில் அலையும் ஓர் உருண்டையின் ஆரம்) வரும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் திண்ம உருண்டைக்கு 0.77, தளர்ந்த சுருளுக்கு 1.5 பக்கம், விறைத்த குச்சிக்கு 2-க்கு மேல்.

பிசுபிசுப்பு:
என் கதை சர்க்கரைக்காரியின் கதைக்கு நேர் எதிர். மூட்டுத் திரவத்திலும் தோலிலும் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியான ஹயலூரோனிக் அமிலத்தைப் புல்லுலானோடு ஒப்பிட்டால் எடை ஊதிப்போய்த் தெரியும், ஏனென்றால் இது விறைப்பான, விரிந்து கிடக்கும் சங்கிலி. இரண்டு சர்க்கரை சேர்ந்த ஒரு அலகு சுமார் 400 டால்டன் (மூலக்கூறு எடையைச் சொல்லும் அளவு), 1 நானோமீட்டர் நீளம். 40 லட்சம் டால்டன் சங்கிலியை இழுத்துப் பிடித்தால் 10 மைக்ரான் வரும்! கரைசலிலோ சில நூறு நானோமீட்டர் அகலச் சுருளாகத்தான் கிடக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது உப்பு. வெறும் நீரில் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளி, சங்கிலி இன்னும் விரியும். 0.1 மோலார் அளவுக்கு உப்பு போட்டால் அது அடங்கும். எந்தக் கரைசலில் அளந்தது என்று சொல்லாத ஆரத்தை நான் மதிப்பதே இல்லை.

மைக்காதாள்:
நான் அணுவிசை நுண்ணோக்கி ஆள், அதாவது கூரிய ஊசிமுனையால் தடவித் தடவிப் படம் எடுப்பவள். மாதிரியைப் பரப்பும் தளமான, புதிதாகப் பிளந்த மைக்காவும் எதிர்மின்னூட்டம், ஹயலூரோனும் எதிர்மின்னூட்டம், அதனால் ஒட்டவே ஒட்டாது. கொஞ்சம் மெக்னீசியமோ நிக்கலோ கலந்த பிறகுதான் இழை இழையாகத் தெரிந்தது. நீளத்தை நம்பலாம். அகலத்தை நம்பாதீர்கள், ஊசிமுனையின் பருமனும் அதில் கலந்திருக்கும். உலர்த்தும்போது சங்கிலி தரையில் தட்டையாகப் படிந்துவிடுவதால், கரைசலில் இருந்த வடிவம் என்று இதைக் காட்டி யாராவது வாதாடினால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

சர்க்கரைக்காரி:
நன்றி மாமா, பில்டரை விட்டுவிடுகிறேன். ஆனால் பெரிய கொத்துகள் மணிகளுக்கிடையே நுழையும்போதே உடைகின்றன என்பது என் சந்தேகம். ஓட்டத்தைக் குறைத்தால் எடை கொஞ்சம் கூடுகிறது. மணியே இல்லாத மெல்லிய தடத்தில் குறுக்கு ஓட்டம் கொடுத்துப் பிரிக்கும் முறையை யாராவது கிளைகோஜனுக்குப் போட்டுப் பார்த்தீர்களா? அதில் சிறியதுதானே முதலில் வெளியே வரும்?