ரொட்டிக் கடையில் விடைபெறுவது எப்படி?

குழு: நம்ம வீடு (புதுச்சேரி – பாரிஸ்)

நான்: அத்தை, ஒரு சந்தேகம். தெரு முனை ரொட்டிக் கடையில் பகெத் (நீளமான ரொட்டி) வாங்கினேன், காசு கொடுத்தேன், "மெர்சி" (நன்றி) சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடைக்கார அம்மா முதுகுக்குப் பின்னால் உரக்க "ஓ ருவ்வார், முசியே!" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?

அத்தை (பாரிஸ்): சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டாயே கண்ணா, அதுதான். இங்கே மெர்சி மட்டும் போதாது. நுழையும்போது "பொன்ஜூர் மதாம்", கிளம்பும்போது "மெர்சி, ஓ ருவ்வார் மதாம்". பெண்களுக்கு மதாம், ஆண்களுக்கு முசியே. வாங்குவது ஒரு யூரோ ரொட்டியாக இருந்தாலும் சரி. சொல்லாவிட்டால், எதிரில் நிற்பவரை ஆளாகவே மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அத்தை (பாரிஸ்): கடை மட்டும் இல்லை. எங்கள் கட்டடத்து லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கூட மூன்றாம் மாடியில் இறங்கும்போது "பொன் ஜூர்னே" என்பார். டாக்டரிடம் காத்திருக்கும் அறையிலும் அப்படித்தான்.

நான்: பொன்ஜூர், பொன் ஜூர்னே இரண்டும் ஒன்றுதானே?

அத்தை (பாரிஸ்): இல்லை, இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பொன்ஜூர் பார்க்கும்போது சொல்வது. பொன் ஜூர்னே பிரியும்போது: மிச்ச நாள் நல்லபடியாகப் போகட்டும் என்று. சாயங்காலம் நாலு, ஐந்து மணி ஆகிவிட்டால் "பொன் ஃபான் த ஜூர்னே", அதாவது நாளின் கடைசிப் பகுதிக்கு வாழ்த்து. இருட்டினால் "பொன் சுவாரே". "பொன் நுயி" மட்டும் கடையில் சொல்லிவிடாதே. அது தூங்கப் போகிறவர்களுக்கு. அவர்கள் முதலில் வாழ்த்தினால் "வூ ஸோசி" என்று திருப்பிச் சொல், உங்களுக்கும் என்று பொருள்.

தாத்தா: பேராண்டி, ஓ ருவ்வார் என்றால் மறுபடி பார்க்கும்வரை என்று அர்த்தம். நம் வீட்டில் யாராவது வாசலில் நின்று "போறேன்" என்பார்களா? "போய்ட்டு வரேன்" தானே. அதே மனசு. "அதியே" என்று மட்டும் சொல்லாதே. அது கடவுளிடம் ஒப்படைக்கிற சொல். என் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குக் கப்பல் ஏறிய அன்று ஒருவர் அதியே என்றதும் எங்கள் அப்பா முகம் வாடிவிட்டது. "ஓ ருவ்வார் சொல்லுங்கள்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை (பாரிஸ்): அப்பா, இதை இத்தனை நாள் நீங்கள் சொன்னதே இல்லையே. தெற்கே துலூஸ் பக்கம் வயதானவர்கள் அதியேவைச் சாதாரணமாக, வரும்போதும் போகும்போதும் சொல்வார்கள். பாரிஸில் கேட்டால் எனக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

அம்மா: அண்ணி, ஞாயிற்றுக்கிழமை இவனைப் பேராசிரியர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படிக் கிளம்புவது என்றும் சொல்லுங்கள்.

அத்தை (பாரிஸ்): சட்டென்று எழுந்திருக்கக் கூடாது. "ஜு வே வு லெசே" என்று மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். இனி உங்களைத் தொந்தரவு செய்யவில்லை என்ற மாதிரி. அதற்கப்புறம் கோட்டு மாட்டிக்கொண்டே கதவருகே கால் மணி நேரம் பேச்சு ஓடும், நம் வீட்டு வாசற்படி மாதிரியே. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொள், குழந்தை இருந்தால் அதனிடமும்.

அண்ணன்: சொல்லாமல் நழுவுவதைப் பிரெஞ்சில் "ஆங்கிலேயர் பாணியில் நழுவுவது" என்பார்களாம். ஆங்கிலேயர்கள் அதையே பிரெஞ்சுக்காரர்கள் தலையில் கட்டுகிறார்கள்.

மறுநாள்

நான்: அத்தை, நாலரை மணிக்கு அதே கடைக்குப் போனேன். பொன்ஜூரில் ஆரம்பித்தேன். கிளம்பும்போது "ஓ ருவ்வார் மதாம்" என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்து "பொன் ஃபான் த ஜூர்னே" என்றார். "வூ ஸோசி" வாயில் வந்துவிட்டது. பகெத் இன்னும் சூடாக இருக்கிறது, முனையை உடைத்துத் தின்றுகொண்டே நடக்கிறேன்.

தாத்தா: அந்த "ருவ்வார்" சொல்வதைக் குரலில் அனுப்பு, கேட்கிறேன். ர தொண்டையிலிருந்து வர வேண்டும்.