உட்கருவுக்குள் தவறாக மடிந்த புரதங்கள் என்ன ஆகின்றன?

கேள்வி:
சைட்டோபிளாசத்தில் பழுதான புரதத்தை லைசோசோமுக்கு அனுப்பி அழிக்கலாம். உட்கருவுக்குள் லைசோசோமே இல்லையே, அங்கே யார் சுத்தம் செய்வது?

பதில் 1:
புரதங்களை வெட்டி அழிக்கும் புரோட்டியசோம் உட்கருவுக்குள்ளும் நிறைய உண்டு. பிஎம்எல் என்ற புரதம் தவறாக மடிந்ததை அடையாளம் கண்டு, அதில் சூமோ என்ற சிறு புரதத்தை ஒட்டும். ஆர்என்எஃப்4 என்ற நொதி அதன் மேல், 'இதை அழி' என்று குறிக்கும் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தைச் சேர்க்கும். அப்புறம் புரோட்டியசோம் வெட்டிவிடும்.

பதில் 2:
அழிப்பது மட்டுமே வழியில்லை. சூட்டில் எளிதில் மடிப்புக் குலையும் லூசிஃபெரேஸ் என்ற புரதத்தைப் பச்சையாக ஒளிரும்படி செய்து உட்கருவுக்குள் அனுப்பி, செல்களை 43 டிகிரியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கும் சீராகப் பரவியிருந்த பச்சை, உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற சிறு பகுதியில் போய் ஒதுங்கியது. 37க்கு இறக்கியதும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை! நியூக்ளியோலஸின் திரவம் போன்ற பகுதி, அந்தப் புரதங்கள் கட்டிதட்டாமல் காக்கிறது. அவற்றை மீட்டு மறுபடி மடிக்க, மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் ஹெச்எஸ்பி70 என்ற புரதம் வேண்டும். 2019இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

கேள்வி கேட்டவர்:
சரி, சூடு நீண்ட நேரம் தொடர்ந்தால்?

பதில் 2:
நியூக்ளியோலஸின் அந்தத் திரவத்தன்மை போய் இறுகிவிடும். உள்ளே போன புரதம் பிறகு எளிதில் வெளிவராது.