ஒயிட் பேலன்ஸ்: வெண்சமனா, நிறச்சமனா, நிறத்தூக்கா?

அனைவருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். வரும் சனிக்கிழமை இரவு ஜவ்வாது மலைப் பக்கம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேருக்கு டிஎஸ்எல்ஆர் கேமராவில் நெபுலா (விண்வெளியில் இருக்கும் வாயு, தூசு மேகம்) படம் எடுக்கச் சொல்லித் தருகிறோம். அதற்கான 12 பக்கக் கையேடு வியாழன் மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்றதெல்லாம் எப்படியோ எழுதிவிட்டேன், ஒயிட் பேலன்ஸில் (வெளிச்சத்தின் சாயல் படத்தில் ஏறாமல் நிறத்தைத் திருத்தும் கேமரா அமைப்பு) வந்து நின்றுவிட்டேன். முதல் வரைவில் 'வெள்ளைச் சமன்பாடு' என்று போட்டிருந்தேன், ஆனால் சமன்பாடு என்றதும் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம்தான் நினைவுக்கு வரும்.

சிக்கல் 'வெள்ளை'யிலும் இருக்கிறது. கல்யாண மண்டபத்து விளக்கில் மாப்பிள்ளையின் வேட்டி மஞ்சளாக விழுந்தால், 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குச் சொல்லித் திருத்தலாம். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் வாளில் இருக்கும் எம் 42 என்ற நெபுலாவில் எந்த வேட்டியைக் காட்டுவது? அது விளக்கு வெளிச்சத்தில் தெரியும் பொருள் இல்லை, தானே ஒளிரும் வாயு. அங்கே வெள்ளை என்று பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை.

-----

தம்பி,

'சமம்' என்ற சொல்லைத் தொடும்போது கொஞ்சம் கவனம் தேவை. சங்கப் பாட்டில் சமம் என்றால் போர். புறநானூறு 312இல் 'அருஞ்சமம் முருக்கி' என்று வருகிறதே, அது போர்க்களம்தான். 'சமன்' வேறு. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று 118ஆம் குறள் துலாக்கோலைச் சொல்கிறது. அந்த ஒரே அடியில் உங்களுக்கு வேண்டிய மூன்றும் இருக்கின்றன: சமன், சீர், தூக்கு. தூக்குதல் என்றால் எடை பார்த்தல். தொல்காப்பியச் செய்யுளியலில் தூக்கு ஓர் உறுப்பு. ஆகவே 'நிறத்தூக்கு' என்பேன். வண்ணம் வேண்டாம், அது வடமொழி வர்ணத்திலிருந்து வந்தது.

-----

ஐயா, வண்ணத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. தொல்காப்பியமே 20 வண்ணம் சொல்கிறது. அங்கே அது சந்தத்தைக் குறிக்கிறது என்பது தெரியும், ஆனாலும் சொல் பழையது. அப்புறம், கையேட்டில் 'நெபுலா' என்று விட்டுவிட்டு இதில் மட்டும் தூய்மை பார்ப்பது என்ன நியாயம்? 'ஒண்முகில்' இருக்கிறதே.

-----

நெபுலாவை இப்போது தொடவேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் படித்த சொல்லோடுதான் பிள்ளைகள் வருகிறார்கள்.

செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன், சொல் அதிலிருந்து பிறக்கட்டும். கேமராவில் ஒளியைப் பதியும் உணரியில் நான்கு கட்டத்துக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். அதனால் திருத்தாத படம் பச்சை பூசியதுபோல் இருக்கும். அதோடு அடிவானத்து ஊர் விளக்கு வானத்தையே செம்பழுப்பாக்கிவிடும். இன்னொரு பக்கம், நெபுலாவின் உயிரான ஹைட்ரஜன் சிவப்பு 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது, உணரிக்கு முன்னால் உள்ள வடிகட்டி அதில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் உள்ளே விடும். (இதற்காகவே வடிகட்டியை மாற்றி, கேனான் 2012இல் 60டிஏ என்று ஒரு கேமரா கொண்டுவந்தது. எங்களிடம் இருப்பது சாதாரணக் கேமராக்கள்தான்.) ஆக, வேண்டாத சிவப்பு வானத்தில் நிறைய, வேண்டிய சிவப்பு நெபுலாவில் குறைவு.

கணினியில் ஹிஸ்டோகிராமைத் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மேடுகள் தள்ளித்தள்ளி நிற்கும். அவற்றின் இடது ஓரங்களை ஒரே இடத்துக்கு நகர்த்தினால் வானத்தின் பின்னணி நிறமற்ற கருஞ்சாம்பலாகிவிடும். பிறகு நம் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைத் தேடி, அது வெள்ளையாகத் தெரியும் வரை மூன்றின் அளவையும் ஏற்றி இறக்குவோம். போன வருடம் ஒரு பையன் இதை முடித்ததும் படத்தின் நடுவில் லேசான பச்சை தெரிந்தது. தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து அதைத் துடைக்கப் போனான். அது ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஒளி, உண்மையான பச்சை. 'சமன்' என்றதும் எல்லா நிறத்தையும் ஒன்றாக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். சொல் அவனை அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் என் கவலை.

-----

பன்னிரண்டு வருடமாக இயற்பியல் எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன் தம்பி. 'தூக்கு' என்று அச்சடித்தால் வகுப்பில் முதலில் தூக்குத் தண்டனையும் தூக்குச்சட்டியும்தான் வரும். அன்றைய பாடம் அதோடு முடிந்தது. கேமரா மெனுவில் 'ஒயிட் பேலன்ஸ்' என்றுதான் இருக்கப்போகிறது. இருட்டில், குளிரில், சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் அதைத் தேடுகிற பிள்ளைக்கு அந்தச் சொல்லும் தெரிந்திருக்க வேண்டாமா? பக்கத்தில் அதையும் தமிழ் எழுத்திலேயே போடுங்கள்.

-----

அம்மா சொல்வது புழக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் பச்சையைப் படித்ததும் இன்னும் உறுதியாகிவிட்டேன். சமன் முடிவைச் சொல்கிறது, தூக்கு செயலைச் சொல்கிறது. துலாக்கோல் அரிசியையும் பருப்பையும் ஒன்றாக்குவதில்லை, உள்ள எடையை உள்ளபடி காட்டுகிறது. அந்தப் பையனுக்கு வேண்டியதும் அதுதானே? இன்னொன்று: தொல்காப்பியர் உரியியலில் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே அவை 'நிறத்துரு உணர்த்தற்கும் உரிய' என்கிறார். முதலில் சினம், பிறகுதான் நிறம்! 'நிறத்துரு' எவ்வளவு அழகான சொல். 'நிறம்' என்பதற்கே மார்பு என்றும் பொருள் உண்டு, அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

-----

ஐயா, அரிசி பருப்பு உவமையை அப்படியே கையேட்டில் எடுத்துக்கொள்கிறேன், பச்சையைத் துடைக்கவேண்டாம் என்ற பத்திக்கு அதுதான் சரி. தலைச்சொல்லுக்கு மட்டும் மன்னியுங்கள். இதுவரை எழுதியவர்களில் ஐந்து பேர் நிறச்சமன், இரண்டு பேர் நிறத்தூக்கு, ஒருவர் ஒண்முகிலைத் தவிர எதற்கும் வாக்களிக்கவில்லை. மணி இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. கேமராவில் வைப்பது 'வெண்சமன்', பக்கத்தில் ஒயிட் பேலன்ஸ். ரா கோப்பாக (உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் அது வெறும் குறிப்புதான், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி. கணினியில் மூன்று மேட்டையும் திருத்துவது 'நிறச்சமன்'. இப்படியே அனுப்புகிறேன்.

-----

அனுப்புங்கள் தம்பி. நிறச்சமன் பிழையில்லை, குறைதான். சனிக்கிழமை நானும் வருகிறேன். மேடுகளை நகர்த்தும்போது பிள்ளைகள் வாயில் தானாக என்ன சொல் வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டும்.