வரைபடத்தில் ஒரு விடை, நீக்கல் முறையில் வேறு விடை. எது சரி?

புதுப்பென்சில்:
வணக்கம். தமிழ் விசைப்பலகையில் அடிப்பதால் எக்ஸுக்குக் 'க', ஒய்க்குச் 'ச' என்று போடுகிறேன்.

3க + 2ச = 7
4க − 3ச = 5

வரைந்தால் கோடுகள் (1.8, 0.8)இல் வெட்டுகின்றன. முதல் சமன்பாட்டில் 5.4 + 1.6 = 7, அச்சாகப் பொருந்துகிறது. இரண்டாவதில் 7.2 − 2.4 = 4.8தான் வருகிறது. நீக்கல் முறையிலோ (ஒரு மாறியை நீக்கி மற்றதைக் கண்டால்) க = 31/17, ச = 13/17. இவ்வளவு அசிங்கமான பின்னம் வந்தாலே எங்கோ தப்பு என்று தோன்றுகிறது. எங்கே இடறுகிறேன்?

மூலைமட்டம்:
பின்னம்தான் சரி. போட்டுப் பாருங்கள்: 93/17 + 26/17 = 7, 124/17 − 39/17 = 5. ஒரு சமன்பாட்டில் மட்டும் பொருந்துவதில் பயனில்லை. அந்தக் கோட்டின் எந்தப் புள்ளியும் அப்படிப் பொருந்தும். 31/17 ஏறக்குறைய 1.82, 13/17 ஏறக்குறைய 0.76. அலகுக்கு 1 செ.மீ. என்றால் நீங்கள் அரை மில்லிமீட்டருக்குள்தான் தள்ளியிருக்கிறீர்கள். கையால் வரைந்ததற்கு அது நல்ல துல்லியமே.

எந்தப் புள்ளிகளை வைத்து வரைந்தீர்கள்?

புதுப்பென்சில்:
அச்சுகளை வெட்டும் இடங்கள். 2.3, 3.5, அடுத்த கோட்டுக்கு 1.25, −1.7.

மூலைமட்டம்:
நினைத்தேன். நான்குமே பின்னம் (7/3, 7/2, 5/4, −5/3), அதில் இரண்டைத் தோராயமாக்கியும் விட்டீர்கள். இரண்டாம் கோட்டின் புள்ளிகள் வேறு மிக நெருக்கம். ஸ்கேல் கொஞ்சம் அசைந்தாலும் கோடு சாய்ந்துவிடும். முழு எண் புள்ளிகளைத் தேடுங்கள். முதலாவதுக்கு (−1, 5), (1, 2), (3, −1). அடுத்ததுக்கு (−1, −3), (2, 1), (5, 5). ஒன்று கிடைத்தால் போதும்: முதல் கோட்டில் க 2 கூடினால் ச 3 குறையும், இரண்டாவதில் க 3 கூடினால் ச 4 கூடும். கெழுக்களை, அதாவது க, ச முன்னால் உள்ள எண்களை, பார்த்தே சொல்லிவிடலாம்.

கோணல்கோடு:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். 2க − 3ச = 4, 4க − 6ச = 9. என் தாளில் ஒரே கோடாகத் தெரிகிறது, எண்ணற்ற தீர்வுகள் என்று எழுதினேன். நீக்கல் முறையில் இரண்டு மாறிகளும் காணாமல் போய் 0 = 1 என்று வருகிறது!

மூலைமட்டம்:
அப்படியானால் தீர்வே இல்லை. முதல் சமன்பாட்டை இரட்டித்தால் 4க − 6ச = 8. அதே கோவை 8ஆகவும் 9ஆகவும் எப்படி இருக்கும்? இவை இணைகோடுகள். செங்குத்து அச்சை −4/3இலும் −3/2இலும் வெட்டுகின்றன. இடைவெளி 1/6 அலகு, அதாவது 2 மி.மீ.கூட இல்லை. மழுங்கிய பென்சில் அதை விழுங்கிவிடும். 9க்குப் பதில் 8 இருந்தால் 0 = 0 வந்திருக்கும்; எண்ணற்ற தீர்வுகள் அப்போதுதான். இனி வரையும் முன் விகிதங்களைப் பாருங்கள்: 2/4உம் 3/6உம் சமம், 4/9 வேறு.

புதுப்பென்சில்:
புதுப் புள்ளிகளில் வரைந்தேன். 1.8ஐத் தாண்டி, 0.75ஐ ஒட்டி வெட்டுகிறது. வரைபட முறையில் தீர்க்கச் சொன்னால் 31/17 என்றே எழுதலாமா?

மூலைமட்டம்:
வேண்டாம். தாளில் படித்ததை 'தோராயமாக' என்று குறித்து எழுதுங்கள். 31/17ஐ இயற்கணிதச் சரிபார்ப்பு என்று கீழே தனியாகக் காட்டுங்கள்.